சொல்லாமல் விட்ட சேதி

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. இரண்டாம் முறை அடிப்பதற்குள் யாரோ அதை நிறுத்தினார்கள். வீட்டுக்காரர்தான் டியூட்டிக்குக் கிளம்புகிறார் என்று தையல்காரம்மா கண்ணைத் திறக்காமலே நினைத்துக்கொண்டாள். பஸ் டிரைவருக்குச் சனி ஏது, ஞாயிறு ஏது. ஆனால் பக்கத்தில் குறட்டை கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து வயது முடியப்போகிறது. தலைமாட்டில் தவில் வாசித்தாலும் எட்டரைக்கு முன்னால் அசையாதவள். அப்பா அவளுக்கு வைத்த பேரே தூங்குமூஞ்சி.

“எங்கடி இந்நேரத்துல?”

“ஆட்டுப் பண்ணைக்கு. ஸ்கூல் பிராஜெக்ட். நீதானேம்மா கையெழுத்துப் போட்டே.”

போட்டது உண்மைதான். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒருத்தர் பேன்ட்டுக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தபோது மகள் ஒரு தாளை நீட்டினாள். எட்டு சனிக்கிழமை, ஐந்து பிள்ளைகள், ஊருக்கு வெளியே இருக்கும் ஆட்டுப் பண்ணையில் உதவி வேலை, கடைசியில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பெற்றோர் போன் நம்பர் என்ற இடத்தில் தன் நம்பரை எழுதிக் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்காரரிடம், “ரெண்டு வாரம் தாங்காது பாருங்க. தட்டைக் கழுவுன்னா கையில சுளுக்குன்னு சொல்றவ, சாணி அள்ளப்போறாளாம்” என்று சிரித்தாள்.

இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரமும் அலாரம் அடித்தது.

அவர்கள் வீடு மாடியில், கடை அதற்கு நேர் கீழே. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, ஆள் உயரக் கண்ணாடி, போட்டுப் பார்ப்பதற்கு மூலையில் திரை கட்டிய இடம். சுவர் நெடுகத் துணிகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் யாருடையது, என்ன வேலை என்று எழுதிய சீட்டுக் குத்தியிருக்கும். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பண்ணை வேன் தெருமுனையில் நிற்கும். மகள் நேராகக் கடைக்குள் வந்து முக்காலியில் உட்காருவாள். கூடவே ஆட்டு வாடையும் வந்து உட்காரும். அப்புறம் வாய் ஓயாது.

“பண்ணைக்காரம்மா சொன்னாங்க, ஆடு ஒரு தடவை மூக்கை வெச்ச தண்ணிய மறுபடி குடிக்காதாம்.”

“பண்ணைக்காரம்மா சொன்னாங்க, வைக்கோலைக் கையில பிடிச்சாலே ஈரம் இருக்கா இல்லையான்னு தெரியணுமாம்.”

பண்ணைக்காரம்மா சொன்னாங்க, பண்ணைக்காரம்மா சொன்னாங்க. முதலில் தையல்காரம்மா ம் கொட்டினாள். பிறகு ம் குறைந்தது. நாலாவது வாரம் வந்தபோது அந்தப் பேரைக் கேட்டாலே கத்தரிக்கோல் கொஞ்சம் வேகமாக ஓடியது. தான் பதினைந்து வருஷமாகச் சொன்னது ஒன்றாவது இந்தப் பெண்ணின் வாயில் இப்படித் திரும்பி வந்திருக்கிறதா?

“அந்தம்மா என்ன, ரொம்ப அன்பா பேசுவாங்களோ?” என்று நூலைக் கோத்தபடி கேட்டாள், சும்மா கேட்பதுபோல.

“அன்பா? அவங்களா? திட்டிக்கிட்டே இருப்பாங்கம்மா.”

“நானும்தான் திட்டறேன்.”

“நீ திட்டறது வேற,” என்றாள் மகள். எப்படி வேறே என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிற அளவுக்கு அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவும் இல்லை. அவளுக்குப் பசி, மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. பட்டியின்மேல் கட்டியிருந்த நிழல்வலை காற்றில் கிழிந்துபோனதாம். இவள் கோணி ஊசியை வைத்து முழு நீளத்துக்கும் தைத்தாளாம். “ரெண்டு மணி நேரம்மா. கை கொப்பளிச்சுப் போச்சு” என்று உள்ளங்கையைப் பெருமையாகக் காட்டினாள்.

தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தாள். தைத்தாளாமே! ஐந்து வயதிலிருந்து இந்தப் பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுத்துப் பார்த்தவள் அவள். ஒரு பொத்தான் தைக்கச் சொன்னால் நூல் சிக்குகிறது, கண் வலிக்கிறது, தண்ணீர் தாகம் எடுக்கிறது என்று நூறு நொண்டிச்சாக்கு. அங்கே போய், எவளோ ஒருத்தியின் ஆட்டுப் பட்டிக்கு, கை கொப்பளிக்க வலை தைத்திருக்கிறாள்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் புலம்பினாள். அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, “நீயும் நாலு ஆடு வாங்கிக் கடையில கட்டிடு. மக கடையை விட்டு நகரமாட்டா” என்றார்.

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு.”

“நம்ம பொண்ணு உருப்படியா ஒரு வேலை செய்யறா. அதுக்கு ஏன் உனக்கு மூஞ்சி கறுக்குது?”

கறுக்கவில்லை என்று அவள் சொன்னாள். அவர் மேற்கொண்டு பேசவில்லை. டிரைவர் அல்லவா, எங்கே பிரேக் போடவேண்டும் என்று தெரிந்தவர்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை. மகளோடு அதே பண்ணைக்குப் போகும் தோழி ஒருத்தி பாவாடை இடுப்பைத் தளர்த்தித்தரச் சொல்லிக் கடைக்கு வந்தாள். வாயாடிப் பெண். அளவு எடுக்க நிற்கவைத்தால்கூட வாய் நிற்காது.

“ஆன்ட்டி, உங்க பொண்ணு மாட்டு டாக்டருக்குப் படிக்கப்போறாளாமே? நல்ல தைரியம்தான், எனக்கெல்லாம் ஊசின்னாலே பயம்.”

தையல்காரம்மாவின் கையில் அளவு நாடா அப்படியே நின்றது. “யார் சொன்னா?”

“அவதான். பண்ணைக்காரம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தா. அவங்களும் எந்த காலேஜ், எவ்வளவு மார்க் வேணும்னு விசாரிச்சு வெச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் தெரியும்,” என்றாள் தையல்காரம்மா. “திரும்பி நில்லு.”

தெரியாது. ஒரு வார்த்தை தெரியாது. அவளாகக் கேட்டபோதெல்லாம் “இன்னும் யோசிக்கலைம்மா” என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். பெற்றவளிடம் யோசிக்கவில்லை, ஆடு மேய்ப்பவளிடம் மார்க் வரைக்கும் பேசியாகிவிட்டது. அன்று அந்தப் பாவாடையை இரண்டு தடவை தப்பாகத் தைத்தாள். இருபது வருஷத் தொழிலில் அவளுக்கு அது புதிது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு கிளினிக்குக்குப் பதினெட்டுத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள், சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்கவேண்டியது. போன் அடித்தது. தெரியாத நம்பர். கரகரப்பான பெண் குரல்.

“ஆட்டுப் பண்ணையிலிருந்து பேசறேன். உங்க பொண்ணு பார்த்துக்கிற ஆடு ஒண்ணு இருக்கு, வெள்ளைக்காது. அது இன்னைக்குக் குட்டி போட்டுடும்போல. கண்டிப்பா கூப்பிடுங்கன்னு ஆறு வாரமா என் உயிரை எடுத்தா. ஸ்கூல் விட்டதும் பஸ் ஏத்தி விடறீங்களா? திரும்ப நானே வண்டியில கொண்டுவந்து விட்டுடறேன்.”

“சரிங்க, சொல்றேன்,” என்றாள் தையல்காரம்மா.

போனை வைத்தபோது சொல்லக்கூடாது என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. அதை அவள் பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு மணிக்கு மகள் பையை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தபோதும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவள் முகத்தில் வெயில் பட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருகிறாள். சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று தையல்காரம்மாவுக்குத் தெரிந்தது. அப்படியே திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவாள். தனக்காக அவள் ஒரு நாளாவது இப்படி ஓடியிருக்கிறாளா?

“பாப்பா, இந்தத் திரை இன்னும் எட்டு இருக்கு. அம்மாவுக்குக் கொஞ்சம் கீழ்விளிம்பு மடிச்சுத் தர்றியா?” என்றுதான் வாயிலிருந்து வந்தது.

மகள் கொஞ்சம் முனகினாள். பிறகு, என்ன தோன்றியதோ, பையை வைத்துவிட்டு இரண்டாவது மிஷினில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லப்போனால், அந்தச் சாயங்காலம் அருமையாக இருந்தது. கணக்கு டீச்சர் தும்முகிற மாதிரி மகள் தும்மிக் காட்டினாள். இரண்டு பேரும் டீயில் ரொட்டியை முக்கித் தின்றார்கள். மிஷின் இரண்டும் மாற்றி மாற்றி ஓடின. நாலு திரைக்கு அவள் விளிம்பு அடித்தாள். தையல்காரம்மாவுக்கு மனசு நிறைந்திருந்தது, அடியில் ஒரு முள்ளும் குத்திக்கொண்டிருந்தது. கடிகாரம் ஆறு காட்டியது, ஏழு காட்டியது. இனிமேல் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவள் தனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை மகள் பண்ணைக்குப் போன பிறகு, அவள் அடித்த நாலு திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விளிம்பு பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. கிளினிக்குக்கு இதை எப்படிக் கொடுப்பது? பிரித்துத் திரும்ப அடித்தாள்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை.

“வெள்ளைக்காது குட்டி போட்டுடுச்சு. ரெண்டு,” என்றாள்.

“அப்படியா? எப்போ?” தையல்காரம்மா மிஷினைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நேத்து.”

நிமிர்ந்து பார்த்தபோது மகள் தரையில் சிதறிக்கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் தைச்சதைப் பிரிச்சிட்டியாம்மா?”

“கொஞ்சம் கோணலா இருந்துச்சுடி. அதான்.”

மகள் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனாள். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. திரையைப் பிரித்த கோபம்தான் என்று தையல்காரம்மா நினைத்தாள். அது நியாயமான கோபம், அதைச் சமாளித்துவிடலாம். போன் விஷயத்தைப் பண்ணைக்காரி சொல்லியிருக்கமாட்டாள். சொல்லியிருந்தால் இந்நேரம் வீடு ரெண்டாகியிருக்காதா? தப்பித்தோம் என்று மூச்சுவிட்டாள். ஆனாலும் போன் அடிக்கும்போதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் நம்பரை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள்.

எட்டு சனிக்கிழமையும் முடிந்தது. கண்காட்சி நாளன்று பள்ளிக்கூட ஹாலில் மேஜைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பேக்கரிக்குப் போன பிள்ளைகள், இன்னொரு பக்கம் நூலகத்துக்குப் போனவர்கள். ஆட்டுப் பண்ணை மேஜைக்குப் பின்னால் ஐந்து பேரும் சீருடையில் நின்றார்கள். தையல்காரம்மா தனக்கு இருப்பதிலேயே நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். மகளுக்காக என்று சொல்லிக்கொண்டாள். மெய்யாக யாருக்காக என்பது வேறு விஷயம்.

பண்ணைக்காரம்மாவை அவள் மனதில் எப்படியெல்லாமோ வரைந்து வைத்திருந்தாள். வந்து நின்றதோ ஐம்பது வயதைத் தாண்டிய, தோள் அகன்ற ஒரு பெண்மணி. வெயில் தின்ற முகம். சட்டையில் கடைசிப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டியிருந்தாள். இவளைப் போயா என்று தையல்காரம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. மறுநிமிஷமே, இவளிடம் அப்படி என்னத்தைக் கண்டாள் என்று முன்னைவிட அதிகமாக எரிந்தது.

மேஜைமேல் அந்த நிழல்வலையின் படம் இருந்தது. தையல்காரியின் கண் முதலில் தையலுக்குத்தான் போனது. தையல் மேலே ஏறி, கீழே இறங்கி, ஓர் இடத்தில் மூன்று விரல் அகலத்துக்கு விலகியிருந்தது.

“ரொம்பக் கோணலா இருக்கே. நீங்க பிரிச்சுத் தைக்கச் சொல்லலையா?” என்றாள். குரலில் கொஞ்சம் நக்கலும் இருந்தது.

பண்ணைக்காரம்மா படத்தைக் குனிந்து பார்த்தாள். “கோணல்தான். நானும் திட்டினேன். ஆனா வலை நிக்குதுல்ல? எதுக்குப் பிரிக்கணும்?” என்றாள். பிறகு நிமிர்ந்து, “நீங்கதான் அவ அம்மாவா? அவளுக்குக் காய்ச்சல் முழுசா விட்டுடுச்சா?” என்று கேட்டாள்.

“காய்ச்சலா?”

“அன்னைக்கு வெள்ளைக்காது குட்டி போட்டப்போ. நீங்க சொன்னீங்களாம், இவளுக்குத்தான் காய்ச்சல் அடிச்சு எழுந்திருக்க முடியலையாம். மறுநாள் வந்து சொன்னா. பாவம், கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு. நானும் உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கணும். அன்னைக்கு எனக்கு நேரமில்லை. ரெண்டாவது குட்டி பின்னங்காலை முன்னால நீட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு அவர் வர்றதுக்குள்ள அரைமணி நேரம் உயிர் போய் உயிர் வந்துச்சு.”

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் அந்தக் கோடியில் யாருக்கோ தீவனத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். பண்ணையில் நின்றுகொண்டு, உங்க அம்மாகிட்ட சொன்னேனே என்று இந்தம்மா கேட்டபோது, ஒரு நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். கண் சிவக்க, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, ரெண்டு குட்டி என்று மட்டும் சொன்னாள்.

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆமாங்க, இப்ப பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்தப் பொய்யையும் பிள்ளையின் தலையிலேயே ஏற்றிவைக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

“அவளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லைங்க,” என்றாள் மெதுவாக. “நான் அவகிட்ட சொல்லவே இல்லை.”

“மறந்துட்டீங்களா?”

“இல்லை. வேணும்னேதான். வீட்டுல எப்பப் பார்த்தாலும் உங்க பேச்சுத்தான். என்னால தாங்க முடியலை.”

பரவாயில்லை என்று சொல்வாள் என்று தையல்காரம்மா எதிர்பார்த்தாள். அவள் சொல்லவில்லை.

“எனக்கு அன்னைக்கு ஒரு கை குறைஞ்சுது. அவ கை சின்னது. உபயோகமா இருந்திருக்கும்,” என்றாள். “இதை அவகிட்டப் பேசிட்டீங்களா?”

“இல்லை.”

“பேசுங்க,” என்று சொல்லிவிட்டு, பேக்கரி மேஜைப் பக்கம் போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். மருந்துக்கடை, செருப்புக்கடை, சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாம் தாண்டினார்கள். கடைசியில் சிக்னலில் நின்றபோது தையல்காரம்மா சொன்னாள், “அன்னைக்கு எனக்கு போன் வந்துச்சு பாப்பா.”

“தெரியும்.”

“அவங்ககிட்ட ஏன் காய்ச்சல்னு சொன்னே?”

“வேற என்ன சொல்றது? எங்கம்மா இப்படிச் செஞ்சுட்டாங்கன்னா?” மகள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க உன்னைப் பத்தித் தப்பா நினைக்கக் கூடாது. உன்னை நான் என்ன வேணா நினைப்பேன். அவங்க நினைக்கக் கூடாது.”

தையல்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. விளக்கு பச்சைக்கு மாறியது. இரண்டு பேரும் கடந்தார்கள்.

“எனக்குப் பொறாமைடி. அவ்வளவுதான். மாட்டு டாக்டர் விஷயத்தைக்கூட நீ அவங்ககிட்டத்தான் முதல்ல சொன்னே.”

“உன்கிட்ட சொன்னா நீ உடனே திருத்துவே. அது வேண்டாம், இது நல்லதுன்னு ஆரம்பிச்சுடுவே. எதையும் நான் செஞ்ச மாதிரி விடமாட்டே,” என்றாள் மகள். கொஞ்சம் பொறுத்து, “எனக்குக் கோபம் இன்னும் போகலை. ஆறு வாரம் காத்திருந்தேன்மா” என்றாள்.

“போகவேண்டாம். இருக்கட்டும்,” என்றாள் தையல்காரம்மா.

கோபம் பத்து நாள் இருந்தது. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வீட்டுக்காரர் இருவருக்கும் நடுவில் தபால்காரர்போல அலைந்தார். பிராஜெக்ட் முடிந்துவிட்டாலும் சனிக்கிழமை அலாரம் மட்டும் நிற்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை அது அடித்தபோது தையல்காரம்மாவும் எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

“நானும் வரட்டுமா? குட்டிங்களைப் பார்க்கணும்.”

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தச் செருப்பு ஆகாது. அப்பாவோட பழைய ஷூவைப் போட்டுக்கோ.”

இரண்டு எண் பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு அவள் பட்டிக்குள் தத்தித் தத்தி நடந்தாள். குட்டிகள் இரண்டும் அதற்குள் நன்றாக வளர்ந்து வேலிக் கம்பியில் முட்டிக்கொண்டிருந்தன. பண்ணைக்காரம்மா வாங்க என்றதோடு சரி, கையில் ஒரு ஆட்டின் கொம்பைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். குளம்பு சீவவேண்டுமாம். சீவுகிற கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தது மகள்.

“அம்மா, இறுக்கிப் பிடி. தலையைத் திருப்பவிடாதே.”

“பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“பிடிக்கலை. அது உன் சட்டையைத் தின்னுது பார்.”

அப்போது தாடி வைத்த கிழக்கடா ஒன்று மெல்ல நடந்து வந்து, தீவனத் தொட்டியின்முன் நின்று, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. மகளும் பண்ணைக்காரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையல்காரம்மாவுக்குப் பழையபடி அந்த எரிச்சல் ஏறியது. போய்விட்டது என்று நினைத்திருந்தாள், போகவில்லை.

“என்னடி, எனக்குத் தெரியாம அப்படி என்ன சிரிப்பு?”

மகள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பக்கத்தில் வந்தாள். “அதுக்கு ஹெட்மாஸ்டர்னு பேரும்மா. எங்க ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடிச்சதும் இப்படித்தான் செருமுவார். முதல் வாரம் இதைப் பார்த்ததும் நாங்க அஞ்சு பேரும் பழக்கதோஷத்துல வரிசையா நின்னுட்டோம்.”

தையல்காரம்மா அந்த ஹெட்மாஸ்டர் மைக்கில் பேசிப் பார்த்ததில்லை. கடாவைப் பார்த்தாள். அது இன்னொரு தடவை செருமியது. சற்றுத் தாமதமாகத்தான் என்றாலும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் கொம்பிலிருந்து பிடி நழுவி, ஆடு பாதி சீவிய குளம்போடு ஓடிவிட்டது.